ஏ.ஓ.சி. 2028: அதிபர் தேர்தலா, செனட்டா, இருக்கிற இடமா?

ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் கேன்டீனில் போன மாதம் எனக்கு எதிரே ஒரு அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு வயது இருக்கும். "இப்போ விட்டா எப்போப்பா? அவங்க 2028-ல நின்னே ஆகணும்" என்றாள். அப்பா விரல் விட்டு எண்ணினார்: "பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின். இந்த மூணுல எதை அவங்க ஜெயிப்பாங்கன்னு சொல்லு, நான் ஒத்துக்கறேன்." பேச்சு சூடாகி, பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொண்டார். பேப்பரும் பேனாவும் எடுக்காத குறைதான்.

நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன ஜனநாயகக் கட்சிக்காரர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், சுருக்கமாக ஏ.ஓ.சி., அடுத்து எதற்குப் போட்டியிட வேண்டும் என்று எனக்கு வருகிற கேள்விகளும் இதே ரகம்தான். இதை எழுதும்போது அவர் எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் ஜனநாயகக் கட்சி ஏற்கெனவே இதில் இரண்டாக நிற்கிறது. நானும் ரொம்ப நாள் குழம்பித்தான் இருந்தேன், இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எப்படி வந்தேன் என்று எழுதுகிறேன், நீங்கள் வேறு முடிவுக்கு வந்தாலும் சரி.

எனக்கு இது வெறும் அரசியல் பொழுதுபோக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் சில வருடங்களுக்கு முன் எனக்கு வேலை போனது. மனைவிக்கு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்த மாதம் அது. வேலை போனாலும் கம்பெனி காப்பீட்டைத் தொடர கோப்ரா என்று ஒரு சட்டம் இருக்கிறது என்றார்கள். கம்பெனி அதுவரை கட்டிவந்த பங்கையும் நாமே கட்டி, மேலே இரண்டு சதவீதம் நிர்வாகக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பது கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. சம்பளம் நின்ற மாதத்தில் வருகிற பில் அது. எல்லோருக்கும் மெடிகேர், அதாவது அரசே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று யார் பேசினாலும் நான் நின்று கேட்பது அன்றிலிருந்துதான்.

## எதை வைத்து எடை போடுவது

ஆளைப் பிடிக்கும், பிடிக்காது என்பதை ஓரமாக வைத்துவிட்டு ஐந்து கேள்விகள் கேட்கலாம்:

- ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவு?
- தோற்றால் கையில் என்ன மிஞ்சும்?
- கட்சி எவ்வளவு உடையும், உடைந்தது திரும்ப ஒட்டுமா?
- ஜெயித்தாலும் தோற்றாலும் கொள்கை ஏதாவது நகருமா?
- இப்போது விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது?

எல்லோரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

## வழி 1: 2028-லேயே அதிபர் பிரைமரி

முதலில் அவர் பக்கம் இருக்கிற பலம். 2025 மார்ச்சில் டென்வரிலும் ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸிலும் முற்போக்கு செனட்டர் பெர்னி சாண்டர்ஸோடு அவர் நடத்திய கூட்டங்களுக்கு ஒவ்வொன்றிலும் முப்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்ததாகக் கணக்கு சொன்னார்கள். தேர்தல் இல்லாத வருடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அதே வருடம் முதல் மூன்று மாதத்தில் அவர் திரட்டியது 96 லட்சம் டாலர், சராசரி நன்கொடை 21 டாலர்தான். பெரிய கம்பெனிகளின் கமிட்டிப் பணம் இல்லாமலே நாடு முழுக்க ஓடுகிற அளவுக்கு அவரிடம் அடித்தளம் இருக்கிறது. 2028 தேர்தல் நாளில் வயது 39, அரசியல் சட்டம் கேட்பது 35.

கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற முதல்கட்டத் தேர்தல்தான் பிரைமரி; ஜனநாயகக் கட்சியின் பிரைமரி விதியும் அவருக்கு மோசமில்லை. ஒரு மாநிலத்தில் 15 சதவீத வாக்கைத் தாண்டிவிட்டால் கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிக்கிற பிரதிநிதிகள் அந்த விகிதத்தில் கிடைப்பார்கள். அதாவது இரண்டாவதாக வந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. 2016-இல் சாண்டர்ஸ் சுமார் 43 சதவீத வாக்கு வாங்கி, அந்த பலத்தில்தான் 15 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தைக் கட்சியின் கொள்கை அறிக்கைக்குள் கொண்டுவந்தார். கட்சித் தலைகளுக்குத் தனி வாக்கு கொடுத்த சூப்பர் டெலிகேட் முறையும் அந்தச் சண்டைக்குப் பிறகு, 2018-இல், முதல் சுற்று வாக்கெடுப்பிலிருந்து விலக்கப்பட்டது. தோற்றவர்தான் விதியை மாற்றினார்.

இப்போது 2020-க்கு வருவோம், ஏனென்றால் அந்த அப்பாவின் பயம் அங்கேதான் வேர் பிடித்திருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் ஜெயித்தார், நெவாடாவில் லத்தீனோ மக்களின் ஆதரவோடு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், அந்த இரவு அவர்தான் வேட்பாளர் என்று பலர் எழுதியே விட்டார்கள். ஏழே நாளில் தென் கரோலினா. அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார், பைடன் ஏறக்குறைய 49 சதவீதம், சாண்டர்ஸ் 20 சதவீதம். மறுநாள் நடுநிலைப் போட்டியாளர்களில் பூட்டிஜெஜ் விலகினார், அதற்கு மறுநாள் குளோபுச்சார் விலகினார், இரண்டு பேரும் பைடன் பக்கம் வந்தார்கள். மார்ச் 3-ஆம் தேதி, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கிற சூப்பர் செவ்வாயில், 14 மாநிலத்தில் பத்து பைடனுக்கு. எதிர்ப்பக்கம் நான்கைந்து பேராகப் பிரிந்து கிடந்த வரைக்கும் சாண்டர்ஸ் முன்னால் இருந்தார். அவர்கள் ஒன்றானதும், நான்கு வருடம் கட்டிய இயக்கம் எழுபத்திரண்டு மணி நேரத்தில் பின்னுக்குப் போனது. முற்போக்குப் பக்கம் எலிசபெத் வாரன் அந்த செவ்வாய் வரைக்கும் களத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஓ.சி. நின்றால் இதே காட்சி திரும்புமா? தென் கரோலினாவிலும் மற்ற தெற்கு மாநிலங்களிலும் இருக்கிற வயதான கறுப்பின வாக்காளர்கள், குறிப்பாக சர்ச்சுக்குப் போகிற பெண்கள், அவரை நம்புகிறார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. 2016-இல் அங்கே சாண்டர்ஸ் 26 சதவீதம், 2020-இல் அதைவிடக் குறைவு. ஸ்பானிஷ் பேசுகிற, புவேர்ட்டோ ரிக்கோ வேர் கொண்ட இளம்பெண் என்பதால் நெவாடாவிலும் கலிஃபோர்னியாவிலும் சாண்டர்ஸைவிட அவர் நன்றாகவே செய்யலாம். தெற்கில் செய்ய, இன்றிலிருந்தே வருடக்கணக்காக அங்கே போய் உட்கார வேண்டும். கூட்டம் போட்டுத் திரும்பினால் போதாது.

அடுத்தது பொதுத்தேர்தல். கிளின்டன் 2016-இல் தோற்றார், ஹாரிஸ் 2024-இல் ஏழு ஊசலாட்ட மாநிலங்களையும் இழந்தார். ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்த அந்த வாரம் நம் வீடுகளிலும் எவ்வளவு நம்பிக்கை இருந்தது, மறுநாள் காலை வீடு எப்படி இருந்தது என்று எனக்கு மறக்கவில்லை. அதனால் "பெண் நின்றால் தோற்கும்" என்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் அடிபட்டவர்கள். ஆனால் அந்த இரண்டு பேரும் கட்சியின் நடுப்பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் தோற்றதை வைத்து இடதுசாரி தோற்பார் என்றும் சொல்ல முடியாது, ஜெயிப்பார் என்றும் சொல்ல முடியாது. 2024 தேர்தல் முடிந்ததும் ட்ரம்புக்கும் எனக்கும் சேர்த்து வாக்களித்தவர்கள் ஏன் என்று சொல்லுங்கள் என ஏ.ஓ.சி. இன்ஸ்டாகிராமில் கேட்டார், பதில்கள் வந்து குவிந்தன. நீங்கள் இரண்டு பேரும் உழைக்கிற மக்களைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்கிற தொனியில் பல. அப்படி ஒரு வாக்காளர் இருக்கிறார். அவர் விஸ்கான்சினில் எத்தனை பேர் என்பதுதான் தெரியாதது.

மறைந்திருக்கிற செலவு. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. சாண்டர்ஸ் 2016-இலும் 2020-இலும் தோற்றபோது அவருடைய செனட் நாற்காலி அப்படியே இருந்தது, ஏனென்றால் அவர் செனட் தேர்தலைச் சந்தித்த வருடங்கள் 2012, 2018, 2024. அதிபர் பந்தயத்தில் தோற்று, மறுநாள் செனட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து பேரம் பேசினார். ஏ.ஓ.சி. இருப்பது பிரதிநிதிகள் சபை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். நியூயார்க்கில் அந்த பிரைமரி ஜூனில், அதற்கான கையெழுத்து மனு வேலையெல்லாம் வசந்த காலத் தொடக்கத்திலேயே, அதாவது சூப்பர் செவ்வாய் சூட்டிலேயே வந்துவிடும். 2020 பந்தயத்தில் சீக்கிரம் விலகிய டிம் ரையனும் சேத் மோல்டனும் சபைக்குத் திரும்பினார்கள். இழுத்துப் பிடித்த துல்சி கப்பார்ட் திரும்பவில்லை. 2024-இல் பைடனை எதிர்த்து நின்ற டீன் ஃபிலிப்ஸும் திரும்பவில்லை. சாண்டர்ஸ் பாணியில் கடைசி வரை நின்று தோற்று கட்சியை இழுக்கலாம் என்றால், ஏ.ஓ.சி.க்கு அது நடைமுறையில் நாற்காலியைப் பணயம் வைத்து ஆடுகிற ஆட்டம். இன்னொன்று, சபையில் உட்கார்ந்திருந்தபடி நேராக அதிபர் பதவிக்கு ஜெயித்தவர் இதுவரை ஒரே ஒருவர்தான், 1880-இல் ஜேம்ஸ் கார்ஃபீல்ட்.

எப்போது இது சரி. கட்சியில் நடுநிலைப் பக்கம் நாலைந்து பேர் விட்டுக்கொடுக்காமல் நின்று, முற்போக்குப் பக்கம் இவர் ஒருவரே என்றால். கலிஃபோர்னியாவின் முற்போக்கு சபை உறுப்பினர் ரோ கன்னா போன்ற இன்னொருவரும் இறங்கினால் 2020-இல் வாரனும் சாண்டர்ஸும் பட்ட பாடு திரும்பும்.

## வழி 2: நியூயார்க் செனட்

நியூயார்க் செனட்டர் சக் ஷூமரின் இடம் 2028-இல் தேர்தலுக்கு வருகிறது. 1999 முதல் செனட்டில் இருக்கிறார், அந்தத் தேர்தல் நாளில் வயது 77. மறுபடி நிற்பாரா என்பது அவர் கையில். ஆனால் 2025 மார்ச்சில், செனட்டில் கட்சித் தலைவராக இருந்துகொண்டு, குடியரசுக் கட்சியின் செலவு மசோதா நிறைவேற வழிவிட்டு வாக்களித்தாரே, அன்றிலிருந்து அவர்மேல் கட்சிக்காரர்களுக்கு இருக்கிற கோபம் அடங்கவில்லை. அதே வருடம் 43 நாள் அரசு முடங்கியபோது, கடைசியில் அவருடைய அணியிலிருந்தே எட்டு பேர் மறுபக்கம் போய் வாக்களித்தார்கள். ஷூமர் எதிர்த்துத்தான் வாக்களித்தார், இருந்தும் பழி அவர் தலைமைமேல் விழுந்தது. இதில் முற்போக்காளர்கள் மட்டும் இல்லை, ஷூமருக்கு இத்தனை வருடம் வாக்களித்த நடுத்தர வயது ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர்ந்து திட்டினார்கள்.

2025-இல் டேட்டா ஃபார் ப்ரோக்ரஸ் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் ஏ.ஓ.சி. 55, ஷூமர் 36 என்று வந்தது. அது முற்போக்குச் சார்புள்ள அமைப்பு, தேர்தலுக்கு மூன்று வருடம் முன்னாடியே எடுத்த கணக்கு, அதனால் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அதே வருடம் ஜூனில் சோரான் மம்தானி, முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை நியூயார்க் நகர மேயர் பிரைமரியில் தோற்கடித்து, நவம்பரில் மேயராகவும் ஜெயித்தார். ஏ.ஓ.சி. அவரை ஆதரித்தவர். நகரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

ஆனால் நகரம் வேறு, மாநிலம் வேறு. லாங் ஐலண்ட் இருக்கிறது, பஃபலோ, ராசெஸ்டர் இருக்கிறது. 2018 ஆளுநர் பிரைமரியில் குவோமோவை எதிர்த்து முற்போக்குப் பக்கம் நின்ற சிந்தியா நிக்சன் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு முடிந்தார். 2016 அதிபர் பிரைமரியில் கிளின்டன் இங்கே 58, சாண்டர்ஸ் 42.

மறைந்திருக்கிற செலவு. பணம். 2024-இல் ஏ.ஓ.சி.யின் பக்கத்துத் தொகுதியில் ஜமால் போமனைத் தோற்கடிக்க இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபேக் சார்ந்த கமிட்டி மட்டுமே ஒன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கியது. ஒரு தொகுதிக்கே அவ்வளவு என்றால் மாநிலம் முழுக்க எவ்வளவு வரும் என்று யோசியுங்கள். இரண்டாவது, சொந்தப் பக்கத்துச் சண்டை. 2024-இல் ஜனநாயக சோஷலிஸ்டுகளின் தேசிய அமைப்பு அவருக்கான ஆதரவைத் திரும்பப் பெற்றது. 2025 ஜூலையில் இஸ்ரேலின் ஏவுகணைத் தடுப்பு அமைப்பான அயன் டோமுக்கான 50 கோடி டாலரை வெட்டுகிற திருத்தத்தை எதிர்த்து அவர் வாக்களித்ததும், பிராங்க்ஸ் அலுவலகத்தில் சிவப்புச் சாயத்தைக் கொட்டினார்கள். கட்சிக்குள் அவர் வெளியாள், இடதுசாரிகளில் சிலருக்கு அவர் கட்சிக்காரி. மாநிலம் தழுவிய போட்டியில் இந்த இரண்டு அடியும் ஒன்றாக விழும்.

இப்போது கிடைப்பதைப் பாருங்கள். 2028-இல் ஜெயித்தால் பதவிக்காலம் 2035 ஜனவரி வரை. நடுவில் வருகிற 2032 அதிபர் தேர்தலில் நாற்காலியைத் தொடாமலே நிற்கலாம், வயது 43. ஒருவேளை 2028-இல் ஜனநாயகக் கட்சிக்காரர் அதிபராகி 2032-இல் மறுபடி நின்றால், 2036. அதற்கு முன் 2034-இல் மறுதேர்தல் முடிந்திருக்கும், மறுபடியும் நாற்காலி பத்திரம், வயது 47. ஒபாமா ஜெயித்த வயது. அதாவது சாண்டர்ஸுக்கு இருந்த அந்த வசதியை, தோற்றாலும் திரும்பி வர ஒரு இடத்தை, ஏ.ஓ.சி. முதலில் சம்பாதித்துக்கொள்கிற வழி இது.

எப்போது இது தவறு. எலிசபெத் வாரனைத்தான் நினைக்க வேண்டும். 2016-க்கு முன் அவரை நில்லுங்கள் நில்லுங்கள் என்று எத்தனை பேர் கெஞ்சினார்கள். நிற்கவில்லை. 2020-இல் நின்றபோது சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் மூன்றாவதாக வந்தார். காத்திருப்பவருக்காக அலை காத்திருப்பதில்லை. ஒபாமா நாலு வருட செனட்டராக இருந்தபோதே நின்று ஜெயித்ததும் இதே பாடம்தான். கேன்டீனில் அந்தப் பெண் சொன்னதில் இந்தளவு நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை.

## வழி 3: இருக்கிற இடத்திலேயே

சபையில் சீனியாரிட்டி சேர்த்து, கமிட்டி தலைமைக்குப் போய், ஒரு நாள் அவைத் தலைமை வரை போகலாம் என்பது இதன் வாதம். நான்ஸி பெலோசி போன பாதை. 2018-இல் கட்சியின் நான்காவது பெரிய தலைவராக இருந்த ஜோ கிரவுலியைத் தோற்கடித்து வந்தவருக்கு கட்சி எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கு 2024 டிசம்பரே பதில். மேற்பார்வைக் கமிட்டியில் கட்சியின் தலைமை இடத்துக்கு நின்றார். புற்றுநோய் இருப்பதாக அப்போதுதான் அறிவித்திருந்த 74 வயது ஜெரி கானலிக்கு 131 வாக்கு, இவருக்கு 84. கானலி அடுத்த மே மாதம் காலமானார். அந்த இடம் மறுபடி காலியானபோது ஏ.ஓ.சி. நிற்கவில்லை.

தொகுதி பத்திரம், குடும்பத்துக்குப் பாதுகாப்பு, அவசரம் இல்லை. ஆனால் பருவநிலைக்கான பசுமைப் புதிய ஒப்பந்தத் தீர்மானத்தை 2019-இல் கொண்டுவந்தவர் இன்னும் பத்து வருடம் வரிசையில் நிற்பது அவருக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். ஷூமர் விலகி, வலுவான ஒரு நடுநிலை ஆள் செனட்டுக்கு இறங்கி, அதிபர் களமும் நெருக்கடியாகிவிட்டால் மட்டும் இது சரியான வழி.

## வழி 4: கட்சியை விட்டுத் தனியாக

சுருக்கமாக முடிக்கிறேன். 2000 அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சி சார்பில் நின்ற ரால்ஃப் நேடர் ஃப்ளோரிடாவில் வாங்கியது 97,488 வாக்கு. புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. நேடருக்கு விழுந்த எல்லா வாக்கும் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போயிருக்காது, ஆனால் 537-க்கு அதெல்லாம் தேவையும் இல்லை. சுயேச்சையான சாண்டர்ஸே அதிபர் தேர்தலுக்கு இரண்டு முறையும் கட்சிக்குள் வந்துதான் நின்றார். எந்தச் சூழலிலும் இது சரியில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அதிபர் 2028 | செனட் 2028 | சபையில் தொடர்வது |
|---|---|---|---|
| ஜெயிக்கிற வாய்ப்பு | பிரைமரியில் உண்டு, தெற்கில் பலவீனம் | நல்லது, ஷூமர் நின்றாலும் | ஏறக்குறைய உறுதி |
| தோற்றால் | நாற்காலியும் போகலாம் | நாற்காலி போகும், பெயர் நிற்கும் | பொருந்தாது |
| கட்சிப் பிளவு | நாடு முழுக்க, ஆறு மாதம் | ஒரு மாநிலத்தோடு | இல்லை |
| கொள்கை நகர்வு | தோற்றாலும் பேரம் பேசலாம் | நூறில் ஒரு குரல், ஆறு வருடம் | மெதுவாக |
| அடுத்த வாய்ப்பு | தெரியாது | 2032 அல்லது 2036 அதிபர் | 2030 செனட், அதுவும் நியூயார்க்கின் இன்னொரு செனட்டர் கில்லிபிராண்ட் இடம் |

பிளவு என்ற வரியில் ஒன்று சேர்க்க வேண்டும். பிளவு எப்போதுமே நஷ்டம் இல்லை. 2020-இல் சாண்டர்ஸ் விலகிய பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து குழுக்கள் போட்டார்கள். பருவநிலைக் குழுவுக்கு ஏ.ஓ.சி.யும் ஜான் கெரியும், மருத்துவக் குழுவுக்குச் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் விவேக் மூர்த்தியும் இணைத் தலைவர்கள். பருவநிலையில் 2022-இல் பெரிய சட்டமே வந்தது. எல்லோருக்கும் மெடிகேர் மட்டும் கொள்கை அறிக்கைக்குள்ளேயே வரவில்லை, அதில் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு. சண்டை போட்டு, தோற்று, பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாதியாவது கிடைக்கிறது. 2016 மாதிரி ஜூலை மாநாடு வரை மின்னஞ்சல் கசிவும் தலைவர் ராஜினாமாவுமாக இழுத்தால் அந்த மேசையே இருப்பதில்லை.

## அப்போ நான் எங்கே நிற்கிறேன்

செனட். ஷூமர் நின்றாலும் சரி, விலகினாலும் சரி. ஏ.ஓ.சி. அதிபராகத் தகுதியில்லாதவர் என்பதால் இல்லை, அவர் ஒரு முறைக்கு மேல் நிற்க முடிகிறவராக இருக்க வேண்டும் என்பதால். எனக்கு வேண்டியது ஒரு அழகான தோல்வி இல்லை, கோப்ரா கடிதம் யார் வீட்டுக்கும் வராத ஒரு சட்டம். அதற்குப் பத்து வருடம் ஆகலாம். பத்து வருடம் தாங்குகிற ஒரு இடம் அவருக்கு வேண்டும்.

ஆனால் 2027 கடைசியில் நடுநிலைப் பக்கம் ஐந்தாறு பேர் முட்டிக்கொண்டு, தென் கரோலினா சர்ச்சுகளில் ஏ.ஓ.சி. பெயர் மரியாதையாக அடிபட ஆரம்பித்திருந்தால், இந்த முடிவை நானே மாற்றிக்கொள்வேன். அந்த இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. எங்கள் நியூ ஜெர்சியில் பிரைமரி ஜூனில்தான், அதற்குள் பாதிப் பேர் விலகியிருப்பார்கள். அதனால் எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது முன்கூட்டியே சின்ன நன்கொடையும், போன் எடுத்துப் பேசுவதும்தான்.

நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. கேன்டீனில் கிளம்பும்போது அந்தப் பெண் தான் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத வாக்காளர் என்றாள். நியூயார்க் பிரைமரி கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். அதிபருக்கும் அப்படித்தான், செனட்டுக்கும் அப்படித்தான். 2016-இல் ட்ரம்பின் மகளும் மகனுமே பதிவை மாற்றத் தவறி அப்பாவுக்கு வாக்களிக்க முடியாமல் போனார்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் கட்சி மாற்ற இப்போதைய கெடு பிப்ரவரி 14. அவளிடம் சொன்னேன், போனில் குறித்துக்கொண்டாள். அப்பாவும் தன் பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.